ஒரே குளுக்கோஸ்: சோறு செரிக்கிறது, பருத்தித் துணி ஏன் செரிப்பதில்லை?

கேள்வி: மேட்டுத்தெரு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு உயிரி மூலக்கூறுகள் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். அரிசியில் உள்ள தரசமும் (ஸ்டார்ச்) பருத்தியில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் என்ற ஒரே அலகால் கட்டப்பட்டவை என்று சொல்லி முடித்ததும், கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, நான் கட்டியிருந்த கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் காட்டி, "அப்படியானால் கஞ்சியும் குளுக்கோஸ், புடவையும் குளுக்கோஸா, டீச்சர்?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "பிறகு ஏன் கஞ்சியை மட்டும் குடிக்கிறோம்?" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, நான் அவளுக்குச் சொன்ன விடை எனக்கே போதவில்லை.

நான் சொன்னது வழிகாட்டி நூல்களில் உள்ளதுதான்: தரசத்தில் ஆல்ஃபா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு, பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும், இரண்டிலும் ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்த குளுக்கோஸின் நான்காம் கார்பனோடுதான் இணைகிறது. முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி வளையத்துக்குக் கீழே (ஆல்ஃபா) இருக்கிறதா, மேலே (பீட்டா) இருக்கிறதா என்ற ஒரே ஒரு வேறுபாடு, ஒன்றைச் சோறாகவும் மற்றொன்றைத் துணியாகவும் ஆக்கிவிடும் என்பதை மாணவர்கள் நம்பும்படி எப்படி விளக்குவது? தரசத்துக்கு மட்டும் அயோடின் நீலநிறம் தருவதும் இதே காரணத்தாலா? பெரிய செலவில்லாமல் வகுப்பிலேயே செய்து காட்டக்கூடிய சோதனை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய வேதியியலான்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் கணக்கை மாணவர்களே போடட்டும். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. இரண்டு குளுக்கோஸ் இணையும்போது 360 வர வேண்டும். அப்படி இணைந்து உருவாகும் மால்டோஸின் எடையோ 342. குறைந்த 18 எங்கே போயிற்று என்று கேட்டால், நீர் என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. செரிமானத்தின்போது அதே நீர் திரும்ப நுழைந்து பிணைப்பை வெட்டுகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், செரித்தல் என்பது நீரும் நொதியும் அந்தப் பிணைப்பை நெருங்க முடிகிறதா என்ற கேள்வியாகிவிடும்.

மேலே, கீழே என்ற வேறுபாட்டைக் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் பயனில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களையே நிற்கவைத்துத்தான் காட்டுவேன். பத்துப் பேரை வரிசையாக, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி கைகோத்து நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு இடப்பக்கம் உள்ளவரைவிட அரையடி முன்னே தள்ளிச் சற்றே திரும்பி நின்றால், அந்தச் சிறு வளைவு ஒவ்வோர் ஆளிடமும் ஒரே திசையில் சேர்ந்து, வரிசை வளைந்து வட்டமாகிவிடும். இது அமைலோஸ். தரசத்தின் கிளையற்ற பகுதியான இதில் ஏறத்தாழ ஆறு குளுக்கோஸுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சங்கிலி சுருள்வில்லாகச் சுற்றுகிறது. இப்போது ஒருவர் கரும்பலகையையும் அடுத்தவர் பின்சுவரையும் பார்க்கும்படி மாறி மாறி நிற்கவைத்து, அதே சிறு வளைவைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவருடைய வளைவை அடுத்தவருடைய வளைவு சரிசெய்துவிடுவதால் வரிசை நேர்கோடாகவே நிற்கும். இது செல்லுலோஸ். பீட்டா பிணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் தன் பக்கத்து அலகுக்குத் தலைகீழாகத் திரும்பியே இணைய முடியும் என்பதுதான் நீங்கள் கேட்ட அந்த ஒரே வேறுபாட்டின் விளைவு.

அயோடினைப் பற்றிய உங்கள் ஊகம் சரிதான். அயோடின் அணுக்கள் வரிசையாக அமைலோஸ் சுருளின் உட்குழியில் போய் அமர்கின்றன. அப்படி அமரும்போதுதான் கருநீலம் தோன்றுகிறது. நேராக நிற்கும் செல்லுலோஸில் அமர்வதற்குக் குழி இல்லை. இந்தச் சோதனை 1814-இல் கொலின், கோல்தியே த குளோப்ரி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்டது; இரு நூற்றாண்டுகள் கடந்தும் பள்ளி ஆய்வகத்தில் ஓய்வில்லாமல் உழைக்கிறது. கஞ்சி கொதிக்கும்போது அயோடினை விட்டு, நிறம் வரவில்லை என்று மாணவர்கள் புலம்புவது வழக்கம். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறிவிடுவதால் அப்படி ஆகிறது. ஆறவிட்டால் நீலம் திரும்பி வரும். இதை ஒரு குறையாகக் கருதாமல், சோதனைக் குழாயைச் சூடாக்கியும் ஆறவைத்தும் இரண்டு மூன்று முறை காட்டினால், சுருள் என்ற சொல் அவர்களுக்கு வெறும் சொல்லாக இராது.

பதில் 2: வடமராட்சியான்

இலங்கையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நாங்கள் காபோவைதரேற்று, மாப்பொருள், நொதியம் என்று எழுதுவோம். குழப்பம் வராமல் இருக்க இங்கே உங்கள் சொற்களையே கையாள்கிறேன்.

மேலே உள்ள விளக்கத்தில் எனக்கு மறுப்பு எதுவுமில்லை. ஆனால் ஆசிரியை மேற்கோள் காட்டிய வழிகாட்டி வாக்கியத்தை, அதாவது பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை என்பதை, தயவுசெய்து வகுப்பில் மீண்டும் சொல்லாதீர்கள். அது தவறு. பாலில் உள்ள லாக்டோஸ், காலக்டோஸும் குளுக்கோஸும் பீட்டா 1,4 பிணைப்பால் இணைந்த இரட்டைச் சர்க்கரை. பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே அதை வெட்டிச் செரிக்கிறது. லாக்டேஸ் என்ற அந்த நொதி நம் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது. அதுவும் போதாதென்று, நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம், பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் பீட்டா 1,4 பிணைப்புகளை வெட்டித்தான் அவற்றைக் கொல்கிறது. பெனிசிலினால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு முன்பே 1922-இல் இதைக் கண்டறிந்து எழுதியிருந்தார். ஆகவே ஒரே வாய்க்குள் ஆல்ஃபாவை வெட்டும் அமைலேஸும் பீட்டாவை வெட்டும் லைசோசைமும் அருகருகே இருக்கின்றன.

அப்படியானால் செல்லுலோஸ் ஏன் தப்பிக்கிறது? இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, நொதி பிணைப்பின் பெயரைப் படித்து வெட்டுவதில்லை. பிணைப்பும் அதன் இரு பக்கத்து அலகுகளும் சேர்ந்து அமையும் வடிவம் தன் பள்ளத்தில் பொருந்துகிறதா என்பதைப் பொறுத்தே வெட்டுகிறது. பாட நூல்கள் பூட்டும் சாவியும் என்று படம் போடுகின்றனவே, அந்த உவமை பிறந்ததே இந்த ஆல்ஃபா, பீட்டா சிக்கலில்தான் என்பதைப் பலர் அறிவதில்லை. 1894-இல் எமில் ஃபிஷர், குளுக்கோஸோடு ஒரு சிறு மீதைல் தொகுதியை ஆல்ஃபாவாகவும் பீட்டாவாகவும் இணைத்து இரண்டு பொருள்களைச் செய்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்த நொதி ஆல்ஃபாவை மட்டும் வெட்டியது. வாதுமைப் பருப்பிலிருந்து எடுத்த எமல்சின் பீட்டாவை மட்டும் வெட்டியது. அணுக்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லாதபோது, வடிவத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று அவர் கண்டதன் விளைவே அந்த உவமை. அதே பாடத்தில் சில பக்கங்கள் தள்ளி வரும் நொதிப் பகுதியை ஏன் இங்கேயே தொடங்கக்கூடாது என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

இரண்டாவது காரணத்தை வழிகாட்டி நூல்கள் அனேகமாகத் தொடுவதே இல்லை. செல்லுலோஸின் நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தமக்குள் எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டுக்கொண்டு, படிகத்தைப் போல இறுகிவிடுகின்றன. நீரை ஈர்க்க வேண்டிய ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் உள்ளே நீர் புக இடமில்லை. நீரே புகாத இடத்தில் நொதி எப்படிப் புகும்? இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. செல்லுலோஸை இரண்டு இரண்டு குளுக்கோஸாகத் துண்டாக்கினால் செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை கிடைக்கும். அதே பீட்டா 1,4 பிணைப்புத்தான். அதை நம் குடலின் லாக்டேஸ் ஓரளவு வெட்டிவிடும். சிறு துண்டாகக் கரைந்து வந்தால் கைவைக்க முடிகிற பிணைப்பு, பல்லாயிரம் அலகுகள் கொண்ட சங்கிலியாகக் கட்டுக் கட்டாக இறுகிவிட்டால் எட்டாமல் போகிறது.

சமையலறையில் இதைக் காட்டலாம். அரிசியில் உள்ள தரசமும் பச்சையாக இருக்கும்போது மணிகளாக இறுகித்தான் இருக்கிறது. உலையில் போட்டுக் கொதிக்கவிட்டால், 60 முதல் 80 பாகைச் சூட்டுக்குள் நீர் உள்ளே புகுந்து, மணிகள் ஊதிப் பசையாகிவிடுகின்றன. பருத்தியை எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் பருத்தியாகவே இருக்கும். வெள்ளாவி வைத்த துணி கஞ்சியாகிவிட்டதாக எவரும் சொன்னதில்லை. தரசமும் செல்லுலோஸும் ஒரே விகிதத்தில் ஒரே தனிமங்களைக் கொண்டவை என்பது 1838-இல் செல்லுலோஸைப் பிரித்தெடுத்த ஆன்செல்ம் பயேன் காலத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த மாணவியின் கேள்வி அந்த வகையில் மிகப் பழைய, மிகச் சரியான கேள்வி என்று அவரிடம் சொல்லுங்கள்.

பதில் 3: கால்நடை மருத்துவர்

இந்தப் பாடத்தை நடத்தும்போது "மாட்டுக்கு அந்த நொதி இருக்கிறது, நமக்கு இல்லை" என்று சொல்லிவிடும் பழக்கமும் உண்டு என்பதால் ஒரு திருத்தத்தை மட்டும் சேர்க்கிறேன். மாட்டின் உடலும் செல்லுலோஸை வெட்டும் நொதியைச் சுரப்பதில்லை. முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பிற நுண்ணுயிரிகளுமே வைக்கோலை வெட்டுகின்றன. அவை குளுக்கோஸை எடுத்து மாட்டுக்குத் தருவதும் இல்லை. அதைத் தாமே நொதிக்கவைத்து, அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களைக் கழிவாக வெளியேற்றுகின்றன. மாடு பெரும்பாலும் அந்த அமிலங்களைக் கொண்டே வாழ்கிறது. பாலில் உள்ள லாக்டோஸுக்கு வேண்டிய குளுக்கோஸையும் அதன் கல்லீரல் பெருமளவு புரோப்பியானிக் அமிலத்திலிருந்தே புதிதாகச் செய்துகொள்கிறது. பிறகு அந்தப் பாக்டீரியாக்களும் நான்காம் இரைப்பைக்குப் போய்ச் செரிக்கப்படுகின்றன. அங்கே அவற்றின் சுவரை உடைப்பது மேலே வடமராட்சியான் ஐயா சொன்ன அதே லைசோசைம்தான்.

மனிதர்களின் பெருங்குடலிலும் இதே வேலை சிறிய அளவில் நடக்கிறது. கீரையிலும் காய்கறியிலும் உள்ள நார்ப்பொருளில் ஒரு பகுதியை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கின்றன; அப்போது கிடைக்கும் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடல் செல்களுக்கு எரிபொருளாகிறது. ஆகவே நார்ப்பொருள் எந்த மாற்றமும் இன்றி வெளியேறுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

மேட்டுத்தெரு ஆசிரியை

மூவருக்கும் நன்றி. வழிகாட்டி வாக்கியத்தை வகுப்பில் திருத்திவிட்டேன். லாக்டேஸைப் பற்றிச் சொன்னதும், "அப்படியானால் தேர்வில் எதை எழுதுவது?" என்ற கேள்வி உடனே வந்தது. செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை என்று எழுதுங்கள், அது உண்மையும்கூட. பீட்டா பிணைப்பை வெட்டும் நொதியே இல்லை என்று எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

கைகோத்து நிற்கும் விளையாட்டு நன்றாக நடந்தது. செல்லுலோஸ் வரிசையில் நின்றவர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பேச முடியாமல் தவித்ததைத் தவிர வேறு இடையூறு இல்லை.

சோதனைக்கு மூன்று துண்டுத் துணிகளை எடுத்துக்கொண்டேன். முதலாவது, கஞ்சி போட்ட என் பழைய புடவையின் ஓரம். இரண்டாவது, பல முறை துவைத்து நைந்துபோன கஞ்சி போடாத வேட்டித் துண்டு. மூன்றாவது, அன்று காலையில் கடையில் வாங்கிய, இன்னும் நனைக்காத வெளுக்காத பருத்தித் துணி. நீர்த்த அயோடினை ஒவ்வொரு சொட்டு விட்டோம். புடவை ஓரம் கருநீலமாயிற்று. வேட்டியில் தேநீர்க் கறைபோல மங்கிய பழுப்பு மட்டுமே வந்தது. அது அயோடினின் நிறம். இதுவரை எல்லாம் நாங்கள் எதிர்பார்த்தபடியே நடந்தது. மூன்றாவது துணிதான் என்னைக் குழப்பிவிட்டது. யாரும் கஞ்சியே போடாத அந்தப் புதுத் துணி, புடவையைவிட ஆழமான நீலமாகிவிட்டது. செல்லுலோஸ் அயோடினோடு நீலம் தராது என்று கரும்பலகையில் எழுதிய வாக்கியம் அழிக்கப்படாமல் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அயோடின் கரைசலில் ஏதேனும் கோளாறா?

பதில் 4: ஈரோட்டுப் பட்டறை

அம்மா, உங்கள் கரைசலில் கோளாறு இல்லை. கரும்பலகையில் எழுதியதும் சரிதான். துணி பதப்படுத்தும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன். யாரும் கஞ்சி போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தறிக்கு ஏறுவதற்கு முன்பே போட்டிருக்கிறார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொரு முறையும் இழுபட்டும் உராய்ந்தும் போவதால், வெறும் நூலாக ஏற்றினால் பிசிறெழுந்து அறுந்துவிடும். அதற்காகப் பாவுக்குக் கஞ்சி ஊட்டி உலர்த்திய பிறகே நெய்வார்கள். கைத்தறியில் இதை வீட்டிலேயே செய்துகொள்வதுண்டு. விசைத்தறிக்குப் பாவு சைசிங் மில்லிலிருந்து வரும். எங்கள் பக்கத்தில் மரவள்ளி மாவும் மக்காச்சோள மாவும் இதற்குப் பயன்படுகின்றன. குறுக்கே ஓடும் ஊடை நூலுக்குக் கஞ்சி தேவையில்லை. ஆகவே அந்தத் துணியிலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்து அயோடினைத் தொட்டுப் பாருங்கள். பாவு கருநீலமாகவும் ஊடை அவ்வளவாக நிறம் பிடிக்காமலும் இருக்க வேண்டும். கரையோரத்து நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே பாவு.

இந்தக் கஞ்சி இருக்கும்வரை துணியில் சாயம் சீராக ஏறாது. எனவே எங்களிடம் வந்ததும் முதல் வேலை கஞ்சி எடுத்தல். டீசைசிங் என்று சொல்வோம். அமிலத்தை ஊற்றினால் கஞ்சியும் போகும், துணியின் வலுவும் போகும், ஏனென்றால் அமிலத்துக்கு ஆல்ஃபா, பீட்டா என்ற பேதம் தெரியாது. அதனால் அமைலேஸ் நொதியில் ஊறவைக்கிறோம். அது தரசத்தை வெட்டிக் கரைத்துவிட்டுச் செல்லுலோஸைத் தொடாமல் விடுகிறது. நீங்கள் வகுப்பில் நடத்துகிற பாடத்தை நம்பித்தான் நாங்கள் வண்டி வண்டியாகத் துணியைத் தொட்டியில் இறக்குகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். கஞ்சி முழுவதும் போயிற்றா என்று பார்ப்பதும் அயோடின் சொட்டு விட்டுத்தான். வரும் நிறத்தை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட ஓர் ஊதா நிற அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவோம்.

மேலே நீரும் புகாத இறுக்கம் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது பயோ வாஷ் நினைவுக்கு வந்தது. திருப்பூரில் பனியன் துணிக்கு அதைச் செய்வார்கள். பூஞ்சையிலிருந்து எடுத்த செல்லுலேஸ் நொதியில், இலேசான அமிலத் தன்மையோடு, 50 முதல் 55 பாகைச் சூட்டில் துணியைச் சுழலவிட்டால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிசிறுகளை நொதி முதலில் தின்றுவிடும், துணி வழவழப்பாகிவிடும். உள்ளே முறுக்கி இறுகிக் கிடக்கும் நூலை நொதி எட்டுவதற்கு அதிக நேரம் பிடிப்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஆனால் நேரம் தவறினால் நூலிலும் கைவைத்துவிடும். குறித்த நேரத்தில் சூட்டை 80 பாகைக்கு ஏற்றி நொதியைச் செயலிழக்கச் செய்யாவிட்டால், துணியின் எடை குறைந்து, இழுத்தால் கிழியும் நிலைக்கு வந்துவிடும். அப்படிப் போன ஒரு லாட்டுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மூன்றாவது துணியை எறிந்துவிடாதீர்கள். அதில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றை வெதுவெதுப்பான வெறும் நீரிலும், மற்றொன்றை அதே அளவு நீரில் பிள்ளைகளில் ஒருவருடைய உமிழ்நீரைத் தாராளமாகக் கலந்தும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நீர் ஆறிவிடாமல் உடல் சூட்டிலேயே இருக்க வேண்டும்; கொதிநீர் ஊற்றினால் நொதி கெட்டுவிடும். பிறகு இரண்டையும் நன்றாக அலசி, ஆறவைத்து, அயோடின் விடுங்கள். உமிழ்நீரில் ஊறியதில் நீலம் வெகுவாக மங்கியிருக்கும். இழுத்துப் பார்த்தால் துணி அதே வலுவோடு இருக்கும். யாருடைய உமிழ்நீர் என்பதில் வகுப்பில் சண்டை வரும், அதை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.